அளந்து முடித்த சுவர்

கட்டுமானப் பணத் தகராறுகளை விரைவாக விசாரித்து முடிவு சொல்பவர் அஜுடிகேட்டர். அவருடைய தீர்மானம் கைக்கு வந்த அன்று அதன் கடைசிப் பக்கத்தை மட்டும்தான் படித்தேன். எங்களுக்கு வேலை கொடுத்த மெயின் கான் (முதன்மை ஒப்பந்ததாரர்), ஜிஎஸ்டி தவிர்த்து 58,500 சிங்கப்பூர் வெள்ளியை எங்களுக்கு ஏழு நாளில் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். அழுதேன். அடகுக்கடையில் இருந்த வளையல்களைப் பற்றி நினைத்தேன். முன்னால் இருந்த நாற்பத்திரண்டு பக்கங்களை அப்போது புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த இரண்டு மாதத்தில் நாங்கள் பட்ட பாட்டுக்கு அதுதான் தொடக்கம்.

நாங்கள் சிங்கப்பூரில் டைல்ஸ், ஸ்கிரீட் (தரையில் போடும் சிமெண்ட் பூச்சு) வேலை எடுத்துச் செய்யும் சிறிய சப்-கான், அதாவது துணை ஒப்பந்ததாரர். சைட்டை அவர் பார்த்துக்கொள்கிறார். க்ளெய்ம் (செய்த வேலைக்குப் பணம் கேட்டு அனுப்பும் கணக்கு), இன்வாய்ஸ், சம்பளம், லெவி (வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கட்டும் தீர்வை) எல்லாம் என் மேசைக்கு வரும். சம்பள மாதம் முடிந்து ஏழு நாளுக்குள் தொழிலாளர் கணக்கில் பணம் விழுந்தாக வேண்டும். மெயின் கான் எங்களுக்கு எப்போது கொடுக்கிறார் என்பது அந்த ஏழு நாளைக் கொஞ்சமும் மாற்றாது. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒன்பதாவது க்ளெய்மில் தகராறு வந்தது. இரண்டு ப்ளாக், 2-ஆம் மாடி முதல் 11-ஆம் மாடி வரை கழிவறைச் சுவர் டைல்ஸ். நாங்கள் 6,200 சதுர மீட்டர் என்றோம், மெயின் கான் தரப்பினர் 5,100 என்றார்கள். சதுர மீட்டருக்குக் கூலி 20 வெள்ளி. அதன் மேல், குப்பை அள்ளியது, டைல்ஸ் வீணானது என்று 31,500 வெள்ளி பேக்சார்ஜ், அதாவது எங்களுக்குத் தர வேண்டியதில் அவர்கள் கழிக்கும் செலவு. எங்கள் பக்கம் ஒரு வி.ஓ. (வேலையில் வந்த மாற்றத்துக்கான கூடுதல் கணக்கு) இருந்தது. ஃப்ளோர் டிராப் (தரைத் தண்ணீர் வடியும் வாய்) இடம் மாறியதால் போட்டு முடித்த ஸ்கிரீடை உடைத்து மறுபடி போட்ட செலவு, 26,800 வெள்ளி. வேலை இழுத்துக்கொண்டு போனதால் எங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் என்று 18,000 வெள்ளியும் சேர்த்திருந்தோம்.

அஜுடிகேட்டர் டைல்ஸுக்கு 5,980 சதுர மீட்டர் ஒப்புக்கொண்டார். பேக்சார்ஜ் முழுவதையும் தள்ளினார். எந்தத் தேதி, எத்தனை ஆள், எந்த லாரி என்று எதுவும் இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை மட்டும் எழுதியிருந்தார்கள். எங்கள் வி.ஓ.வுக்குப் பூஜ்யம். எழுத்தில் இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்லை, கையெழுத்தான டே-வொர்க் ஷீட் (அன்றன்றைய ஆள், வேலைக் கணக்கை எழுதும் தாள்) இல்லை என்பது காரணம். நஷ்டக் கணக்கை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை.

பணம் ஏழாம் நாள் வந்தது. வளையல்களை மீட்டேன். பத்தாவது க்ளெய்மை அனுப்பினேன். 12, 13-ஆம் மாடி டைல்ஸ் 920 சதுர மீட்டர், அதோடு புது ஸ்கிரீட் வேலை, எல்லாம் சேர்த்து 38,100 வெள்ளி. கூடவே அந்த வி.ஓ.வையும் மறுபடி போட்டேன். இதற்கிடையில் எங்கள் ஃபோர்மேன் அண்ணன் தன் பழைய பையில் இருந்து பதினான்கு டே-வொர்க் ஷீட்டுகளைக் கண்டுபிடித்திருந்தார். சைட் சூப்பர்வைசர் கையெழுத்தோடு. “இதையா கேட்டீங்க, இது என்கிட்டதான்மா இருந்துச்சு” என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. முதல் அஜுடிகேஷனுக்கு முன்னால் அவரிடம் உட்கார்ந்து கேட்காதது நான்தான்.

இருபத்தோராம் நாள் பேமென்ட் ரெஸ்பான்ஸ், அதாவது க்ளெய்முக்கு மெயின் கான் எழுத்தில் தரும் பதில், வந்தது. கடைசி வரியில் மைனஸ் 11,000 வெள்ளி.

எப்படி என்று புரியவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. எங்கள் க்ளெய்ம்கள் தொடக்கத்தில் இருந்து கூட்டிக்கொண்டே வருபவை. இதுவரை செய்த மொத்த வேலையின் மதிப்பில் இருந்து இதுவரை கொடுத்த பணத்தைக் கழித்தால் இந்த மாதப் பாக்கி வரும். அவர்கள் மொத்த வேலையை மறுபடி மதிப்பிட்டு, டைல்ஸ் 5,100-க்கே திரும்பியிருந்தார்கள். அதே 31,500 பேக்சார்ஜையும் மறுபடி கழித்திருந்தார்கள், இந்த முறை புகைப்படங்களோடு. இரண்டும் சேர்ந்து 49,100. எங்கள் புதிய வேலை 38,100-ஐ அப்படியே ஒப்புக்கொண்டு, அதில் இருந்து 49,100-ஐக் கழித்தார்கள். அஜுடிகேட்டர் கொடுக்கச் சொன்னதை ஒரு கையால் கொடுத்துவிட்டு அடுத்த மாதமே இன்னொரு கையால் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கியூ.எஸ்.ஸிடம் (வேலையை அளந்து மதிப்பிடுபவர்) பேசினேன். “அது போன க்ளெய்ம். இது புது க்ளெய்ம், புதுசா அளந்திருக்கோம்” என்றார்.

தீர்மானத்தை மறுபடி பரிசீலிக்கக் கேட்கும் அஜுடிகேஷன் ரிவ்யூவுக்கு அவர்கள் போக முடியாத நிலையும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தீர்மானத் தொகை அவர்கள் ஒப்புக்கொண்ட தொகையைவிடக் குறைந்தது ஒரு லட்சம் வெள்ளி கூடுதலாக இருந்தால்தான் அந்தக் கதவு திறக்கும், அதற்கும் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எங்களுடையது சிறிய தகராறு. கதவு மூடியிருந்ததால் ஜன்னல் வழியாக வந்தார்கள்.

க்ளெய்ம் விஷயத்தில் எங்களுக்கு உதவும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், ஓய்வு பெற்ற கியூ.எஸ். அவரிடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனேன். ரெஸ்பான்ஸைப் பார்த்தவர், “இதுக்கு சட்டத்துலயே பதில் இருக்கும்மா. 17-ஆம் பிரிவைப் படி” என்றார்.

கட்டுமான வேலைக்குப் பணம் கிடைப்பதை உறுதிசெய்ய 2005 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தை சைட்டில் ‘சோப்பா’ என்போம். அந்தப் பிரிவு சொல்வது இதுதான். ஒரு அஜுடிகேட்டர் ஒரு வேலைக்கு ஒரு மதிப்பு நிர்ணயித்துவிட்டால், பிறகு வரும் அஜுடிகேஷனில் அவரோ வேறு யாரோ அதே வேலைக்கு அதே மதிப்பைத்தான் கொடுக்க வேண்டும். முந்திய தீர்மானத்துக்குப் பிறகு அந்த வேலையின் மதிப்பு மாறியிருக்கிறது என்று ஏதாவது ஒரு தரப்பு காட்டினால் மட்டும் விலக்கு.

எனக்கு உயிர் வந்தது. “அப்போ அவங்க இப்படிச் செய்யவே கூடாது இல்லையா சார்?”

அவர் எங்கள் க்ளெய்மைத் திருப்பி, வி.ஓ. வரியில் விரலை வைத்தார். “நீ என்ன செஞ்சிருக்கே?”

எனக்குப் பதில் வரவில்லை. “அது வேற சார், எங்ககிட்ட இப்போ ஆதாரம் இருக்கு” என்றேன். “அவங்ககிட்டயும் இப்போ போட்டோ இருக்கு” என்றார்.

அந்த இடத்தை நான் இன்னும் நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் செய்வது அநியாயம், நாங்கள் செய்வது நியாயம் என்றே மனதார நம்பியிருந்தேன். அந்த ஸ்கிரீடை எங்கள் ஆட்கள் இரவு பத்து மணி வரை உடைத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் சட்டம் கேட்கும் கேள்வி வேறு. வேலை நடந்ததா, ஆதாரம் பலமா என்று அது மறுபடி கேட்பதில்லை. அந்த வேலைக்கு ஏற்கெனவே மதிப்புப் போட்டாகிவிட்டதா, அதற்குப் பிறகு அந்த மதிப்பு மாறியதா என்று மட்டும் கேட்கிறது. பூஜ்யமும் ஒரு மதிப்புதான். முதல் அஜுடிகேஷன் நடந்தபோதே அந்தப் பதினான்கு ஷீட்டுகள் இருந்தன, என் கையில்தான் இல்லை.

சிங்கப்பூர்ச் சட்டத்துக்கு முன்மாதிரி ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1999-ல் வந்த சட்டம். அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 2009-ல் முடிந்த டூயல்கார்ப் வழக்கை அவர் எனக்குச் சொன்னார். முதல் அஜுடிகேஷனில் தீர்ந்துபோன அதே இன்வாய்ஸ்களைப் புதிய க்ளெய்மாக மறுபடி கொண்டுவந்தது ஒரு சப்-கான். நீதிமன்றம் அதை விடவில்லை. இங்கிலாந்திலோ, ஏற்கெனவே முடிவான தகராறும் புதிதாக வந்ததும் ஒன்றேதான் அல்லது பெரும்பாலும் ஒன்றுதான் என்றால் அஜுடிகேட்டர் விலகிக்கொள்ள வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. இந்த வேலி எல்லாத் தரப்புக்கும் போட்டது. பணம் வராமல் தவிக்கும் சிறியவன் என்பதற்காக எனக்கு மட்டும் அதில் வழி விடமாட்டார்கள்.

வி.ஓ.வை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அனுப்பிய க்ளெய்ம் அனுப்பியதுதான், ஆனால் விண்ணப்பத்தில் அதை அழுத்திப் பேசாதே, உன் பலமான வாதத்தை நீயே வெட்டிக்கொள்வாய் என்றார். ஒரு பக்கம் ‘முடிந்ததைத் திறக்காதே’ என்று எழுதிவிட்டு மறுபக்கம் முடிந்ததைத் திறக்கச் சொன்னால், படிக்கும் அஜுடிகேட்டர் இரண்டையும் நம்பமாட்டார்.

பிறகுதான் அந்த நாற்பத்திரண்டு பக்கங்களைப் படித்தேன். மூன்று இரவுகள். அவர் சொன்னபடி ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஒரு வரி எழுதினேன். என்ன கேட்டோம், என்ன மதிப்புக் கிடைத்தது, காரணம் எந்தப் பத்தியில் இருக்கிறது, அது உண்மையிலேயே தீர்மானிக்கப்பட்டதா இல்லையா. இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. வி.ஓ.வுக்கும் நஷ்டக் கணக்குக்கும் பணம் வரவில்லை. பார்வைக்கு இரண்டும் பூஜ்யம். ஆனால் வி.ஓ.வை அஜுடிகேட்டர் எடுத்துப் பார்த்து, ஆதாரத்தை எடைபோட்டுப் பூஜ்யம் என்றார், அது தீர்மானம். நஷ்டக் கணக்கை அவர் தொடவில்லை. 2019 டிசம்பரில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தொகையில் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆவணமோ ஒப்பந்தப்படி கொடுத்த சான்றிதழோ இல்லாத நஷ்டஈட்டை அஜுடிகேட்டர் கணக்கில் எடுக்கக் கூடாது. அதனால் அது தீர்மானம் இல்லை. ‘என் வேலை இல்லை’ என்று சொல்லி ஒதுக்கிவைத்தது. அதை மறுபடி அஜுடிகேஷனில் கேட்பதில் பயன் இல்லை என்றாலும், கோர்ட்டிலோ ஆர்பிட்ரேஷன் என்னும் நடுவர் மன்றத்திலோ கேட்க முழு வழி இருக்கிறது. சொல்லப்போனால் அங்கே வி.ஓ.வையும் புதிதாகக் கேட்கலாம். அஜுடிகேஷன் தீர்மானம் கட்டுப்படுத்துவது இறுதித் தீர்ப்போ சமரசமோ வரும் வரைக்கும்தான். மெயின் கானுக்கும் அதே கதவு திறந்தே இருந்தது. 5,980 தப்பு என்று உண்மையாக நம்பினால் அங்கே போய் நிரூபித்திருக்கலாம்.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதில் பயந்து பணத்தை விட்டுவிடுகிறார்கள். கேட்டு வராத பணத்தை அடுத்த க்ளெய்மில் மறுபடி சேர்ப்பது தப்பே இல்லை. பேமென்ட் ரெஸ்பான்ஸ் நாளும் அதன் பின் ஏழு நாள் பேச்சு நேரமும் முடிந்த பிறகு, அஜுடிகேஷனுக்குப் போட ஏழு நாள்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டவர்கள் அதே தொகையை மறுபடி க்ளெய்ம் செய்து புதிதாகத் தொடங்க சட்டமே, அதற்குரிய கால வரம்புக்குள், இடம் கொடுக்கிறது. தடை வருவது ஒரு அஜுடிகேட்டர் அதன் மதிப்பைத் தீர்மானித்த பிறகுதான்.

சரி, 17-ஆம் பிரிவு இருக்கிறது, ‘அதே வேலை’ என்று காட்டிவிட்டால் போதும் என்று நினைத்தேன். அதைக் காட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. என் க்ளெய்ம் ஷீட்டில் டைல்ஸ் ஒரே வரி. ‘கழிவறைச் சுவர் டைல்ஸ், ப்ளாக் ஏ, பி’. ஒன்பதாவது க்ளெய்மில் அதில் 6,200 இருந்தது. பத்தாவதில் புதிய மாடிகளும் அதே வரியில் சேர்ந்து எண் வளர்ந்துவிட்டது. அவர்கள் வாதம் இதில்தான் நின்றது. இந்த ஐட்டம் இப்போது வேறு ஐட்டம், அளவே மாறிவிட்டது, முழுவதையும் புதிதாக அளக்க எங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள். படிக்கும்போது எனக்கே ஒரு நிமிடம் சரிதானோ என்று தோன்றியது. மாடி மாடியாக வரி போட்டிருந்தால் இந்த வாதம் பிறந்தே இருக்காது.

ஃபோர்மேன் அண்ணனும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த ஒரு வரியைப் பிரித்தோம். எந்த டிராயிங் எண், எந்த மாடி, எந்த வகைக் கழிவறை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை சதுர மீட்டர். முதல் தீர்மானத்தின் பின்னிணைப்பில் அஜுடிகேட்டர் மாடி வாரியாகக் கணக்குப் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவளுக்கு அது எங்கே தெரியும்? அவருடைய அட்டவணையை ஒரு பக்கமும் பத்தாவது க்ளெய்மின் மாடிகளை மறுபக்கமும் வைத்தோம். 2 முதல் 11 வரை அப்படியே பொருந்தியது. 12, 13 மட்டும் புதிது. அந்த 920 சதுர மீட்டரில் தகராறே இல்லை.

இரண்டாவது அஜுடிகேஷனுக்கு வேறு அஜுடிகேட்டர். சிங்கப்பூர் மத்தியஸ்த நிலையம்தான் நியமிக்கிறது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே 17-ஆம் பிரிவை வைத்தோம், முந்திய தீர்மானத்தை முழுவதுமாக இணைத்தோம். மெயின் கான் தன் பக்கம் ஒரு தனி சர்வேயரின் அறிக்கையைக் கொண்டுவந்தது. அதே பத்து மாடிக்கு 5,240 சதுர மீட்டர். கனமான அறிக்கை, அழகான வரைபடங்கள். கான்ஃபரன்ஸில் அஜுடிகேட்டர் அவர்களிடம் கேட்டது ஒன்றுதான். முந்திய தீர்மானத்துக்குப் பிறகு அந்தச் சுவர்களில் என்ன மாறியது? டைல்ஸ் எடுக்கப்பட்டதா, டிசைன் மாறியதா, ரேட் மாறியதா? இல்லை என்றார்கள். அப்படியானால் இது அதே சுவரைப் பற்றிய இன்னொரு கருத்து, மதிப்பில் மாற்றம் இல்லை என்று தீர்மானத்தில் எழுதினார். 5,980 நின்றது.

ஆனால் ஒரு இடத்தில் அவர்கள் சொன்னது சரி, அதையும் எழுதத்தான் வேண்டும். பேமென்ட் ரெஸ்பான்ஸ் வந்த பிறகு நடந்த கூட்டு ஆய்வில், தட்டிப் பார்த்தபோது சில கழிவறைகளில் டைல்ஸ் உள்ளே வெற்றாக ஒலித்தது. ஹாலோ. அவர்கள் 140 சதுர மீட்டர் என்றார்கள். எங்கள் ஃபோர்மேனும் கையெழுத்துப் போட்ட பதிவில் 95 இருந்தது. எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டிய டைல்ஸுக்கு முன்பு போட்ட மதிப்பு இனி இல்லை, இது பிறகு வெளிப்பட்ட குறை, மதிப்பு உண்மையில் மாறியிருக்கிறது என்று 95 சதுர மீட்டருக்கு 1,900 வெள்ளி குறைத்தார். ‘முடிந்தது முடிந்ததுதான்’ என்று நாங்கள் அதையும் எதிர்த்து எழுதியிருந்தோம். எழுதியிருக்கக் கூடாது. மோசமான வேலையைச் சட்டப் பிரிவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பது அந்தப் பிரிவின் நோக்கம் இல்லை.

பேக்சார்ஜ் கொஞ்சம் சிக்கல். அது வேலையின் மதிப்பு இல்லை, கழிவு, அதனால் 17-ஆம் பிரிவு பொருந்தாது என்று வாதாடினார்கள். அஜுடிகேட்டர் அந்த வார்த்தைச் சண்டைக்குள் போகாமல், அதே சம்பவம், அதே தொகை, அதே தரப்புகள், முன்பே காரணம் சொல்லித் தள்ளப்பட்டது, அந்தத் தீர்மானம் இருவரையும் கட்டுப்படுத்துகிறது என்றார். புகைப்படங்கள் எல்லாம் முதல் அஜுடிகேஷனுக்கு முந்திய தேதியில் எடுத்தவை. ரெஸ்பான்ஸுக்குப் பிறகு முறையாக நோட்டீஸ் கொடுத்துச் செய்த ஒரு சுத்தம் செய்யும் செலவு, 1,200 வெள்ளி, அதை மட்டும் ஏற்றார். எங்கள் வி.ஓ.வுக்கு மூன்றே வரி. முன்பு தீர்மானித்தது, பிறகு எதுவும் மாறவில்லை, பூஜ்யம்.

38,100-ல் 1,900-உம் 1,200-உம் போக 35,000 வெள்ளி. சம்பளத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது.

இப்போது எங்கள் க்ளெய்ம் ஷீட்டில் ஒரு மாடிக்கு ஒரு வரி. ஒரு ஐட்டம் அஜுடிகேஷனில் மதிப்பாகிவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் தீர்மானத் தேதியும் பத்தி எண்ணும் ஏறிவிடும். அடுத்த மாதம் எதிர்த் தரப்பில் புது கியூ.எஸ். வந்தாலும் அவர் கண்ணில் படும். அஜுடிகேஷனுக்குப் போவதற்கு முன் ஃபோர்மேன், சூப்பர்வைசர், ஸ்டோர் பார்ப்பவர் எல்லாரையும் உட்காரவைத்து, பையில், போனில், லாரி டாஷ்போர்டில் இருப்பதை எல்லாம் கேட்டு வாங்குகிறேன். ஒரு ஐட்டத்துக்கு ஆதாரம் பாதிதான் இருக்கிறது என்றால், அதை இந்த முறை அனுப்பத்தான் வேண்டுமா என்று யோசிக்கிறேன். ஆதாரம் முழுமையாகும் வரை வைத்திருந்து பிறகு க்ளெய்ம் செய்யலாம். அரைகுறையாகப் போட்டுப் பூஜ்யம் வாங்கிவிட்டால் அஜுடிகேஷனில் அது பூஜ்யம்தான்.

அந்த 26,800 வெள்ளி வி.ஓ. கடைசிக் கணக்கு முடிக்கும்போதுதான் மறுபடி மேசைக்கு வந்தது. ஆர்பிட்ரேஷன் நோட்டீஸும் அந்தப் பதினான்கு ஷீட்டும் வைத்துப் பேசினோம். 15,000-க்கு முடிந்தது. நஷ்டக் கணக்கை விட்டுக்கொடுத்தோம். ஃபோர்மேன் அண்ணனிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் சாயந்திரம் அன்றைய டே-வொர்க் ஷீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தார், சூப்பர்வைசர் கையெழுத்து ஈரம் காயாமல். அன்றில் இருந்து ஒரு நாளும் தவறவில்லை.